ஆற்றில் இறங்க வேண்டியது இளவரசிதானா?

இந்த முறை வந்த கடிதம் 11 பக்கம். முதல் 7 பக்கம் ஒரு கதை. மீதி 4 பக்கம் அதை எழுதியவரின் வாழ்க்கை. அவருக்கு வயது 26. தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்தவர், மதுரையில் மகளிர் விடுதியில் தங்கி ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். அடையாளம் தெரியாதபடி ஊர், உறவு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கதை இதுதான். நினைவாறு என்று ஓர் ஆறு. வடகரையில் ஒரு நாடு, தென்கரையில் ஒரு நாடு. போரில் ஓர் ஆள் விழும்போதெல்லாம் ஆறு ஒரு விரற்கடை வற்றும். கூடவே இரண்டு கரை ஜனங்களும் ஏதாவது ஒன்றை மறப்பார்கள். முதலில் தாலாட்டுகள் மறந்துபோகின்றன. அப்புறம் எதிர்க்கரையில் இருக்கும் சொந்தக்காரர்களின் முகம். கடைசியில் சண்டை எதற்காகத் தொடங்கியது என்பதே யாருக்கும் ஞாபகமில்லை, ஆனாலும் சண்டை நிற்கவில்லை. ஆற்றின் நடுத்திட்டில் பேசும் மருதமரம் ஒன்று. வடகரை இளவரசி ஆம்பலும் தென்கரை இளவரசன் மாறனும் அங்கேதான் சந்திக்கிறார்கள். இரண்டு கரையையும் ஒருசேர நேசிக்கும் ஓர் உயிர் ஆற்றுக்குள் இறங்கினால் நீரும் திரும்பும், நினைவும் திரும்பும் என்கிறது மரம். ஆம்பல் கேட்கிறாள்: "அன்பு என்பது தன்னைக் கொடுத்துவிடுவதா, தன்னை வைத்துக்கொண்டு கொடுப்பதா?" மரம் பதில் சொல்லவில்லை. கதை அந்த இடத்தில் நிற்கிறது.

இனி வாழ்க்கை. இவருடைய ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் கண்மாய் மடையை யார் திறப்பது என்பதில் தொடங்கிய தகராறு, கோயில் முதல் மரியாதை வரை போய், 14 ஆண்டுகளுக்கு முன்பு வெட்டுக்குத்தில் முடிந்தது. அதிலிருந்து தேர் ஓடவில்லை. இவர் மூன்று ஆண்டுகளாக நேசிப்பது அந்தப் பக்கத்து ஊர்க்காரரை. அவருக்கு 29 வயது. இந்த ஆண்டு வைகாசித் திருவிழாவை நடத்த இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பேசிவரும் நேரத்தில் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. "நீ விட்டுக்கொடுத்தால் தேர் ஓடும், இல்லையென்றால் உன் அண்ணன் கையில்தான் ரத்தம்" என்கிறார் பெரியப்பா. கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், ஆனி மாதத்துக்குள் மாமா மகனைக் கட்டிக்கொள்ள வேண்டும். இதுதான் வீட்டின் முடிவு.

கேள்விகள் மூன்று. சத்தியம் செய்துவிட்டு விலகுவதுதான் உண்மையான அன்பா? இல்லை, இருவரும் மணந்துகொண்டால் அந்தக் கல்யாணமே இரண்டு ஊருக்கும் பாலமாகுமா? கதையில் ஆம்பல் ஆற்றில் இறங்கலாமா? கடிதத்தின் கீழே தன் பெயருக்குப் பதிலாக "ஆம்பல்" என்றே கையெழுத்திட்டிருக்கிறார்.

அன்புள்ள ஆம்பல்,

உங்கள் கதையை இரண்டு தடவை படித்தேன். எதிர்க்கரையிலிருக்கும் தன் மகள் முகம் மறந்துபோய், யாரென்று தெரியாமலே அவளுக்காகத் தினமும் ஒரு கவளம் சோற்றை எடுத்து வைக்கிறாளே ஒரு கிழவி, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு எழுத வருகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் 9ஆம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "நான் இல்லாமல் போனால் இரண்டு ஊரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து அழும், அப்போதாவது ஒன்று சேர்வார்கள்." இது கதைக்குள் வரும் வரி இல்லை, உங்கள் வாழ்க்கையைப் பற்றிய பக்கத்தில் இருக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வருகிறதா? ஒரு தடவை வந்திருந்தாலும் சரி, இப்போது இல்லை என்றாலும் சரி, இன்றைக்கே 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், நடு ராத்திரியிலும் எடுப்பார்கள். விடுதியில் உங்கள் அறைத்தோழியிடமும் இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது சொல்லுங்கள். காதல் விவரம் முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. "ராத்திரியில் எனக்கு மோசமான எண்ணம் வருகிறது, கூட இரு" என்றால் போதும்.

அந்த ஒரே பந்தல் உங்கள் மனசு போட்ட பந்தல். 22 ஆண்டுகளாக ஆலோசனை சொல்லும் இந்த வேலையில் இருக்கிறேன், அப்படிப்பட்ட வீடுகளுக்கும் போயிருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் முதலில் நடப்பது பழி போடுவது. "உங்களால்தான்" என்று இவர்கள், "உங்களால்தான்" என்று அவர்கள். பழைய பகைக்கு இன்னொரு பெயர் சேரும், அவ்வளவுதான். உங்கள் அம்மா அந்தப் பந்தலில் எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடப்பார். இதை உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நீங்கள் நம்பும் அந்தக் காட்சி நடக்காது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான்.

நீங்கள் பாதியில் நிறுத்திய பாட்டு

கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் முன்மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் சோழ அரசர், மற்றவர் பாண்டிய நாட்டுப் புலவர். நேரில் பார்க்காமலே நண்பர்கள். அரசர் உயிர்விடும் முடிவோடு உணவை விட்டு வடக்கு நோக்கி உட்கார்ந்தபோது தேடி வந்து கூடவே உயிர்விட்டவர் பிசிராந்தையார். "இரண்டு நாட்டுக்கு நடுவில் அன்பு என்றால் இதுதானே" என்று கேட்கிறீர்கள்.

புறநானூற்றில் அந்தக் கதை அங்கே தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். சோழனின் பிள்ளைகளே அவனுக்கு எதிராகப் படையோடு வந்தார்கள். அவனும் படையோடு கிளம்பினான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் குறுக்கே போய், எதிரே நிற்பது உன் பகைவர் இல்லை, உனக்குப் பிறகு இந்த நாடு அவர்களுக்குத்தானே, அவர்களைத் தோற்கடித்துவிட்டு யாருக்கு விட்டுப் போகப் போகிறாய் என்று கேட்டார். போர் வேண்டாம் என்று சொல்லப்பட்டது போர் செய்யப் போனவனிடம். அவன் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, நீ எதையாவது விட்டுக்கொடு என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு ஆளையும் விட்டுவிட்டீர்கள். பொத்தியார் என்று அதே அரசனுக்கு ஒரு நண்பர். அவரும் கூட உட்கார வந்தார். அப்போது அவர் மனைவி கர்ப்பமாக இருந்தார். பிள்ளை பிறந்த பிறகு வா என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான் அரசன். எப்படி உனக்கு மனம் வந்தது, அன்பில்லாதவனே என்று பொத்தியார் பின்னால் அரற்றும் பாட்டு இருக்கிறது. எனக்கு அந்தத் தொகுதியிலேயே நெருக்கமான இடம் அதுதான். அப்படி ஒரு முடிவில் உட்கார்ந்திருந்தவனே, உன் வீட்டில் ஓர் உயிர் உன்னை எதிர்பார்த்திருக்கிறது, போ என்கிறான். ஆம்பல், உங்களை எதிர்பார்த்திருக்கும் ஆட்களும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறார்கள். விடுதிக்கு வாரம் தவறாமல் இட்லிப்பொடி கொடுத்துவிடும் அம்மா. பத்தாம் வகுப்பு எழுதப்போகும் தம்பி. எழுதாமல் நிற்கும் கதையின் மீதிப் பக்கங்கள்.

பழைய பாட்டுகளில் மகட்பாற் காஞ்சி என்றே ஒரு துறை உண்டு. ஓர் அரசன் பெண் கேட்பான், வீட்டார் மறுப்பார்கள், ஊரே போருக்கு ஆளாகும். அந்தப் பாட்டுகளில் வேல் பேசப்படும், யானை பேசப்படும், அழியப்போகும் ஊரின் அழகு பேசப்படும். அந்தப் பெண் மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளை இவ்வளவு அழகாக வளர்த்துப் பகையையும் கூடவே வளர்த்துவிட்டாளே என்று தாயைக் குறை சொல்லும் பாட்டுகூட உண்டு. உங்கள் அப்பா உங்கள் அம்மாவிடம் "உன் வளர்ப்பு" என்று கத்தியதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இந்தப் பாட்டுதான் ஞாபகம் வந்தது. மடைச் சண்டையை உங்கள் அம்மா தொடங்கவில்லை, நீங்களும் தொடங்கவில்லை. அது நடந்தபோது உங்களுக்கு 12 வயது.

கல்யாணம் பாலமாகுமா?

இதில் உங்களோடு நான் உடன்படவில்லை. ஏனென்றால் பதிலை நீங்களே எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். உங்கள் அத்தையைச் சண்டைக்கு முன்பே அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். சொந்தத்துக்குள், இரண்டு வீட்டுச் சம்மதத்தோடு, ஊரைக் கூட்டி நடந்த கல்யாணம். அப்படிப்பட்ட கல்யாணமே சண்டையைத் தடுக்கவில்லை. அத்தைதான் 14 ஆண்டுகளாகப் பிறந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்கிறார். புளியும் வடகமும் ஒரு பையில் கட்டி, கண்டக்டரிடம் கொடுத்து, "எல்லை நிறுத்தத்தில் ஒரு பையன் வாங்கிக்கொள்வான்" என்று அனுப்புகிறார். அந்தப் பையன் உங்கள் தம்பி.

ஆக, உங்களுக்கு முன்பே ஒரு பெண் பாலமாக நிறுத்தப்பட்டுவிட்டார். அவர் மேல் நடந்து போய்ச் சமாதானமாக யாரும் தயாராக இல்லை. நீங்கள் உங்கள் நண்பரை மணந்துகொள்ள ஆசைப்பட்டால், அவரோடு வாழப் பிடித்திருக்கிறது என்பதற்காக மணந்துகொள்ளுங்கள். இரண்டு ஊரைச் சேர்த்துவைக்கும் வேலையைத் தாலியில் கோத்துவிட்டால், ஊர் சேராத ஒவ்வொரு நாளும் உங்கள் கல்யாணம் தோற்றுப்போனதாகத் தோன்றும்.

இன்னொன்று. சாதியும் வேறு என்பதை ஒரே ஒரு இடத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். கண்மாயும் தேரும் பக்கம் பக்கமாக வருகின்றன, இது மட்டும் இரண்டே வார்த்தையில் வருகிறது. வீட்டிலும் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். சொல்லாவிட்டாலும் உள்ளே அதுதான் கனன்றுகொண்டிருக்கக்கூடும். அப்படியானால் ஆபத்து நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அண்ணனைப் பற்றிப் பெரியப்பா சொன்னதைக் கோபத்தில் சொன்னது என்று தள்ளிவிட வேண்டாம்.

சத்தியமும் மாமா மகனும்

விலகுவது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆற அமர யோசித்துவிட்டு, இந்த உறவின் விலை எனக்கு அதிகம் என்று ஒரு பெண் முடிவெடுத்தால் அதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு. அதைக் கோழைத்தனம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் முன்னால் வைக்கப்பட்டிருப்பது அந்த முடிவு இல்லை. "இல்லையென்றால் ரத்தம்" என்று சொல்லிவிட்டு வாங்கும் சத்தியத்துக்குத் தியாகம் என்று பெயர் வைக்க என்னால் முடியாது. தியாகம் செய்பவர்தான் அதைச் செய்யலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும். இங்கே தீர்மானித்தவர் பெரியப்பா, கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

பெரியப்பா என்ன கொடுக்கிறார் என்று யோசித்தீர்களா? முதல் மரியாதையை ஒரு வருஷம் அவர்கள், ஒரு வருஷம் நாங்கள் என்று மாற்றிக்கொள்ளச் சம்மதமா? மடைச் சாவியை ஊர்ப் பொதுவில் வைக்கச் சம்மதமா? உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. சண்டை போட்டவர்கள் ஆளுக்கு ஒரு பிடி இறங்கி வந்தாலே தேர் ஓடிவிடும். அது முடியாமல்தான் 26 வயதுப் பெண்ணின் வாழ்க்கையைச் சக்கரத்துக்குக் கட்டையாகப் போடப் பார்க்கிறார்கள்.

மாமா மகனைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அவரும் ஒரு மனுஷர். இந்த விவரம் அவருக்குத் தெரியுமா? வேறொருவரை நினைத்துக்கொண்டு தன்னோடு வாழப்போகும் பெண்ணைக் கட்டிக்கொள்ள அவர் சம்மதித்தாரா, அவரையும் அதட்டித்தான் உட்கார வைத்திருக்கிறார்களா? உங்கள் தியாகத்தின் செலவில் பாதி அவர் தலையில் விழும். என் எதிரே வந்து உட்காரும் தம்பதிகளில் இப்படிச் சேர்க்கப்பட்டவர்களும் உண்டு. பத்து வருஷம் கழித்து வருவார்கள். இருவரும் நல்லவர்கள், ஒருவரை ஒருவர் திட்டக்கூட மாட்டார்கள். வீட்டில் சத்தமே இருக்காது. பிள்ளை மட்டும் பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேசாது. அதற்காகத்தான் வந்திருப்பார்கள்.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு தூரம் வரும்

நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இந்த வேலையில் தெரிந்தாக வேண்டியது தெரியும். "பெற்றவர்கள் கையெழுத்து இல்லாமல் பதிவு செய்ய முடியாதாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பான தகவல். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருந்தால் அவர்கள் இருவரின் சம்மதம்தான் சட்டத்துக்கு வேண்டும். வேறு வேறு சாதி என்பதால் 30 நாள் நோட்டீஸ் ஒட்ட வேண்டுமோ என்றும் பயந்திருக்கிறீர்கள். அது சிறப்புத் திருமணச் சட்டத்தின் நடைமுறை. இருவரும் இந்துக்கள் என்பதால் அந்த வழி உங்களுக்குக் கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் 1967இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவில் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணம் செல்லும். புரோகிதர் வேண்டியதில்லை. சாதி அதற்குத் தடையும் இல்லை. எந்தத் திருமணத்தையும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

ஊர்க்கூட்டத்தின் முடிவு என்கிறீர்கள். கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில். வயது வந்த இருவரின் திருமணத்தில் எந்தக் கூட்டமும் தலையிட முடியாது என்றும், மிரட்டல் இருந்தால் காவல்துறை பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்றும் 2018இல் அதே நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. சூடம் அணைத்த சத்தியத்துக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. மிரட்டிச் செய்துவைக்கும் கல்யாணத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி கேட்கவும் வழி இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

சட்டம் இவ்வளவு இருந்தும் பிள்ளைகள் வெட்டுப்பட்ட செய்தியைப் படிக்கத்தானே செய்கிறோம். சட்டம் உங்கள் உரிமையைச் சொல்லும், ஆனால் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்காது. அதனால் சின்னச் சின்னக் காரியங்களை இந்த வாரமே செய்துவிடுங்கள். ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் எல்லாம் ஊரில் பீரோவில் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக இப்போது ஊருக்குப் போக வேண்டாம். ஆதாரை மறுபடி அச்செடுத்துக்கொள்ளலாம், சான்றிதழ்களுக்கு நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டை அப்பாவிடம் இருந்தால் அதை முடக்கிவிட்டுப் புதிது வாங்குங்கள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே கிளம்பி வா" என்று போன் வந்தால், மனசு பதறினாலும், முதலில் அம்மாவின் குரலைக் கேளுங்கள். அத்தையிடமோ ஊரிலிருக்கும் உங்கள் தோழியிடமோ விசாரியுங்கள். எனக்குத் தெரிந்த பிள்ளைகளை வீட்டுக்கு வரவழைத்தது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியம்தான். விடுதிக் காப்பாளரிடம், நான் சொல்லாமல் என்னை யாரோடும் அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். ஆபத்து என்று தோன்றினால் 181, உடனடி என்றால் 112. மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்க இடமும், காவல்துறையோடும் வழக்கறிஞரோடும் பேச உதவியும் கிடைக்கும்.

மாறன் என்ன செய்கிறார்?

உங்கள் கதையில் மாறன் நல்லவன். கரையில் நின்று அழுகிறான். வாழ்க்கையில் உங்கள் நண்பரும், "நீ என்ன முடிவெடுத்தாலும் கட்டுப்படுகிறேன்" என்று எழுதியிருக்கிறார். கேட்பதற்கு இதமாக இருக்கிறது, அவருக்கு உங்கள் மேல் அன்பு இருக்கிறது என்பதையும் நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த வாக்கியம் முழுப் பாரத்தையும் உங்கள் தோளில் ஏற்றிவிட்டு அவர் தோளைக் காலியாக வைத்துக்கொள்கிறது. அவரிடம் நேராகக் கேளுங்கள். தன் வீட்டில் இதைச் சொல்லிவிட்டாரா? ஊரை விட்டு வேறு மாவட்டத்தில் ஐந்தாறு வருஷம் இருக்க நேர்ந்தால் வேலைக்கு என்ன வழி வைத்திருக்கிறார்? நீங்கள் இரண்டு வருஷம் பொறுக்கச் சொன்னால் பொறுப்பாரா? இந்த மூன்றுக்கும் கண்ணீர் இல்லாமல், நாள் கணக்கும் ரூபாய்க் கணக்குமாகப் பதில் வர வேண்டும். அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம். பதிலே வராவிட்டால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை என்னவென்று கேட்டால், சத்தியம் வேண்டாம், ஆனிக் கல்யாணமும் வேண்டாம், அவசரமாகப் பதிவுத் திருமணமும் இப்போது வேண்டாம். திருவிழாப் பேச்சு சூடாக இருக்கும்போது நீங்கள் எதைச் செய்தாலும் அதைத் திருவிழாவோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். "நான் யாரையும் இப்போது கட்டிக்கொள்ளப் போவதில்லை, மிரட்டினால் புகார் கொடுப்பேன்" என்று அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். போனில் சொன்னால் வாக்குவாதமாகிவிடும். அதன் நகல் என்னிடமோ ஒரு வழக்கறிஞரிடமோ இருக்கட்டும். தள்ளிப்போடுவதிலும் ஆபத்து உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பொறுத்திருக்கும் காலத்தில் மிரட்டல் பேச்சோடு நிற்காமல் அடுத்த படிக்குப் போனால், எவரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு நேரே போய்விட வேண்டும், நண்பரையும் கூட்டிக்கொண்டு.

கதைக்கு வருகிறேன்

சோழர்களுக்குள்ளேயே நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதிக்கொண்டார்கள். ஒருவன் கோட்டைக்குள் கதவை அடைத்துக்கொண்டு உட்கார, மற்றவன் வெளியே முற்றுகை. கோவூர் கிழார் என்ற புலவர் உள்ளே இருப்பவனிடம் போய் என்ன சொல்கிறார் தெரியுமா? பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன, பெண்கள் பூ இல்லாத தலையை முடிகிறார்கள், நல்ல வீடுகளில் தண்ணீர் இல்லாமல் அழும் குரல் கேட்கிறது, இதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது கொடுமை என்கிறார். இன்னொரு முற்றுகையில், எதிரே நிற்பவன் பனம்பூ சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை, நீயும் சோழர் பூவான ஆத்தி சூடியவன், அவனும் ஆத்தி சூடியவன், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். கிள்ளிவளவன் என்ற சோழ அரசன் தன் எதிரி மலையமானின் சின்னப் பிள்ளைகளை யானைக் காலில் இட நிறுத்தியபோதும் குறுக்கே போய்ப் பேசி அவர்களை மீட்டவர் இவர்தான். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்து, புது இடத்தை மருண்டு பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அந்த ஒரு காட்சியைக் காட்டித்தான் அரசனின் கையைப் பிடித்து நிறுத்துகிறார்.

உங்கள் கதையில் கோவூர் கிழார் இல்லை, ஆம்பல். இரண்டு அரசர்கள் இருக்கிறார்கள், படை இருக்கிறது, மரம் இருக்கிறது, நேசிக்கும் இருவர் இருக்கிறார்கள். அரசர்களின் முகத்தைப் பார்த்துக் குழந்தைக்குப் பால் இல்லை என்று சொல்ல ஒரு வாய் இல்லை. அதனால்தான் ஆறு உங்கள் இளவரசியைக் கேட்கிறது. கதையின் விதி அப்படி என்பீர்கள். விதியை எழுதியவர் நீங்கள்தானே. இரண்டு கரையையும் நேசிக்கும் "ஓர் உயிர்" என்றுதான் மரம் சொன்னது. இறங்கிச் செத்துப்போக வேண்டும் என்று அது சொல்லவே இல்லை, 6ஆம் பக்கத்தைத் திரும்பப் பாருங்கள். நீர் வற்றிப்போன ஆற்றில் இறங்கினால் நடந்து அக்கரைக்குப் போய்விடலாம்.

போவது ஆம்பலாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. எதிர்க்கரை மகளுக்காகச் சோறு எடுத்து வைக்கும் அந்தக் கிழவி போகலாம். இந்தக் கிழவியை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். கண்டக்டர் கையில் பை கொடுத்தனுப்பும் பெண்ணிடமிருந்து எடுத்திருக்கிறீர்கள். இரண்டு ஊர்ப் பேச்சுவார்த்தையில் அவரை யாரும் கூப்பிடவில்லை. 14 வருஷ நஷ்டத்தை ரூபாய் அணா பைசாவாகச் சொல்லக்கூடியவர் அந்த இரண்டு ஊரிலும் அவர் ஒருவர்தான். உங்கள் காதலைப் பற்றி அவரிடம் இப்போதே சொல்லலாமா என்பதை நிதானமாக முடிவு செய்யுங்கள். ரகசியம் காப்பவரா, வீட்டுக்காரருக்குப் பயந்தவரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவரோடு பேசத் தொடங்குங்கள். வடகம் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டே தொடங்கலாம்.

அப்புறம், மரம் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி. தன்னை வைத்துக்கொண்டுதான் கொடுக்க முடியும் என்று நான் நினைக்கிறேன். உங்கள் அம்மா தனக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டு மீதி இட்லிப்பொடியைக் கொடுத்துவிட்டால் நீங்கள் குறைவாகவா சாப்பிடுவீர்கள்?

செவ்வாய், வெள்ளி பிற்பகலில் நான் மையத்தில் இருப்பேன். தனியாக வாருங்கள், முடிந்தால் அடுத்த முறை நண்பரையும் அழைத்து வாருங்கள், இருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். 14416க்குப் பேசினீர்களா என்பதை மட்டும் இன்றைக்கே ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்தக் கடிதத்தின் கீழே ஆம்பல் என்று போட வேண்டாம். உங்கள் பெயரை எழுதுங்கள். அச்சில் வராது, எனக்கு மட்டும்.